குட்டைக்கால் நாற்காலி

வராதே. நீ கேட்டதற்கு அதுதான் பதில். கடைசிவரை இழுத்தடித்துச் சொல்ல எனக்குப் பொறுமை கிடையாது என்று உனக்குத் தெரியும், அதனால் முதலிலேயே போட்டு உடைத்துவிட்டேன். போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் போனில் நீ அழுவாய், நீ அழுதால் நான் சரி கிளம்பி வா என்று சொல்லிவிடுவேன், அப்புறம் இரண்டு பேரும் மாட்டிக்கொள்வோம். இனி முறைப்படி ஆரம்பிக்கிறேன். அன்புள்ள சில்லு, நீயும் உன் விரல் பத்தும் சுகமாக இருக்க வேண்டும், உன்னோடு வாசிக்கிற மூன்று பேரும் உன்னைப் பட்டினி போடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இங்கே நானும் அத்தையும் இருக்கிறோம். நலமாக என்று சேர்த்து எழுதினால் பொய், இருக்கிறோம், அவ்வளவுதான். அத்தை ஒரு நாள் விட்டு ஒரு நாள் வந்து சமைத்து வைத்துவிட்டு என்னைத் திட்டிவிட்டுப் போகிறாள். வந்தால் வீட்டைத் துடைக்கிறாள், துடைக்கும்போது அம்மா நின்று சாதகம் பண்ணுகிற இடத்தில் வில்லிலிருந்து கொட்டிய ரோசின் தூள் தரையில் வெள்ளையாகப் படிந்திருக்குமே, அதையும் சேர்த்துத் துடைக்கப் பார்க்கிறாள். அந்த இடத்தை விடு என்றேன். "அழுக்குடா அது" என்றாள். அழுக்குதான், இருக்கட்டும் என்றேன். அதற்கு முறைத்துக்கொண்டு போனவள் நாலு நாள் வரவில்லை, நான் முட்டையும் ரொட்டியுமாக ஓட்டினேன். கீழ் வீட்டுப் பல் டாக்டர் நினைவிருக்கிறாரா, அம்மா வாசிக்க ஆரம்பித்தாலே துடைப்பக் கட்டையால் கூரையை இடிப்பாரே, அவர் போன வாரம் மாடிப்படியில் என்னை நிறுத்தினார். நான் சண்டைக்குத் தயாராக நின்றேன், பழக்க தோஷம். அவர் என் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டு, "வீடு ரொம்ப சத்தமில்லாம இருக்குங்க, என்னமோ மாதிரி இருக்கு" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டு மேலே வந்துவிட்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். செல்லோ மாமா உனக்கு எழுதியதை நீ எனக்கு அப்படியே அனுப்பியிருந்தாய், படித்தேன். அம்மாவின் குவார்டெட் நாலு பேராக இருந்தது இப்போது மூன்றாக நிற்கிறது, முதல் வயலின் இல்லாமல் ஒரு கச்சேரியும் ஒத்துக்கொள்ள முடியவில்லை, வேறு யாரையும் உட்கார வைக்க மனசு வரவில்லை, நீ வந்தால் அம்மாவின் இடம் உனக்குத்தான். நன்றாகத்தான் எழுதியிருக்கிறார், அவர் எது எழுதினாலும் வாசிக்கிற மாதிரியே எழுதுவார், நடுவில் ஒரு இடத்தில் குரல் தழுதழுக்கும். நீ அதன் கீழே ஒரே வரி எழுதியிருந்தாய், வரட்டுமா அப்பா என்று. அந்த ஒரு வரியைப் பார்த்துவிட்டு நான் என்ன செய்தேன் தெரியுமா, உன் அறைக் கட்டிலில் அடுக்கி வைத்திருந்த, வாடகைக்கு விடுகிற மேடைப் பலகை எல்லாவற்றையும் இறக்கி வேனில் ஏற்றிவிட்டேன். படுக்கை உறை மாற்றினேன். ஜன்னல் கொக்கி உடைந்திருந்தது, அதையும் சரி பண்ணினேன். அத்தை வந்து பார்த்துவிட்டு, "அப்பாடா, புத்தி வந்துச்சா. பெத்தவ இடம் காலியா இருக்கு, இவ அங்க எவன் பக்கத்துலயோ ரெண்டாவதா உக்காந்து என்ன பண்றா, வரச் சொல்லு" என்றாள். ஆக நான் ஆசைப்படவில்லை என்று நீ நினைக்க வேண்டாம். ஆசைப்பட்டு, கட்டிலை ஒழித்து, அப்புறம்தான் வராதே என்கிறேன்.

ஏனென்று சொல்கிறேன். கட்டிலை ஒழித்த மறுநாள் செல்லோ மாமா, வியோலாக்கா, இரண்டாவது வயலின் பேசா மாமா மூன்று பேரும் ஒத்திகை அறையில் ஒரு பெண்ணை வாசிக்க வைத்துப் பார்த்தார்கள். உனக்கு எழுதிவிட்டு ஏன் இன்னொருத்தியைக் கூப்பிட்டீர்கள் என்று கேட்டேன், அரங்கத்துக்காரர் நச்சரித்தாராம், ஒப்புக்கு ஒரு தடவை கேட்டுவிட்டு அனுப்பிவிடுவோம் என்றார்கள். எனக்கு அங்கே என்ன வேலை, ஒரு நோட்டு ஸ்டாண்டின் திருகாணி கழன்றுவிட்டது என்று கூப்பிட்டிருந்தார்கள், போனேன். அதே சைக்கிள் கடை மாடிதான், கீழே டயருக்குக் காற்றடிக்கிற சத்தம், மேலே இவர்கள் சுருதி சேர்க்கிற சத்தம். அந்தப் பெண் நல்ல உயரம், கதவில் குனிந்துதான் உள்ளே வந்தாள், நான் மனசுக்குள் நெட்டை என்று பெயர் வைத்துவிட்டேன். பாவம், அவளை எங்கே உட்கார வைத்தார்கள் தெரியுமா, அம்மாவின் நாற்காலியில். அந்த நாற்காலிக் கதை உனக்குத் தெரியும், இருந்தாலும் சொல்கிறேன், எனக்குச் சொல்ல வேண்டும் போல் இருக்கிறது. கல்யாணமான புதிதில் அம்மா எந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் கால் தரையில் படாது, பாதம் பதியாவிட்டால் மூச்சு சரியாக வராது என்பாள். நான் ரம்பம் எடுத்து ஒரு நாற்காலியின் காலை அறுத்தேன். ஆடியது. ஆடுகிற காலை விட்டு மற்ற காலை அறுத்தேன், வேறு பக்கம் ஆடியது. சரி பண்ணச் சரி பண்ண குட்டையாகிக்கொண்டே போனது, அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், நீ அப்போது அந்த வயிற்றுக்குள் இருந்தாய். "இன்னும் கொஞ்சம் விட்டா நான் தரையில உக்காந்துதான் வாசிக்கணும், போதும், நிறுத்து" என்றாள். அது அவளுக்கு அளவெடுத்துச் செய்தது போல அமைந்துவிட்டது, என் திறமையால் இல்லை, அவள் நிறுத்தச் சொன்னதால்.

அதில்தான் நெட்டை உட்கார்ந்தாள். முழங்கால் இரண்டும் மார்புக்கு வந்துவிட்டது, வில்லை இழுத்தால் முழங்காலில் இடிக்கிறது, முகவாய்க்கட்டைக்கு அடியில் வயலின் நழுவுகிறது. அறையில் வேறு நாற்காலி இல்லாமலா, இருக்கிறது, ஆனால் ஒருத்தரும் மாற்றித் தரவில்லை, அவளும் கேட்கவில்லை. ஆரம்பிக்கலாம் என்றார் செல்லோ மாமா. நெட்டை வயலின் தலையை லேசாகத் தூக்கி இறக்கினாள், உலகத்தில் பாதிப் பேர் அப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள். மூன்று பேரும் வில்லை எடுத்து வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருக்கிறார்கள். அவள் மட்டும் தனியாக வாசித்துவிட்டு நிறுத்தினாள். மறுபடியும். மறுபடியும் அவள் மட்டும். அம்மா எப்படி ஆரம்பிப்பாள், மூக்கால் ஒரு மூச்சு இழுப்பாளே, கடைசி வரிசைக்குக் கேட்குமே, அந்த மூச்சு முடிகிற இடத்தில் நாலு வில்லும் விழும். அந்த மூச்சுக்குக் காத்திருக்கிறார்கள். வேண்டுமென்று செய்யவில்லை சில்லு, நான் பார்த்தேன், வியோலாக்காவின் வில் நரம்பைத் தொட்டபடி நிற்கிறது, வாசிக்கத்தான் நினைக்கிறாள், கை நகரவில்லை. செல்லோ மாமா, "நீங்க மூச்சு எடுங்கம்மா, நாங்க மூச்சக் கேட்டே பழகிட்டோம்" என்றார். அந்தப் பெண்ணும் மூச்சு எடுத்தாள். ஜலதோஷம் பிடித்தவள் மூக்கை உறிஞ்சின மாதிரி இருந்தது. நான் சிரித்துவிட்டேன், அடக்க முடியவில்லை, அதே மூச்சில் அழுகையும் வந்துவிட்டது, திருகாணியைத் தேடுகிற மாதிரி தரையில் குனிந்துகொண்டேன்.

அப்புறம் செல்லோ மாமா என்னைப் படிக்கட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய், "பாத்தீங்கள்ல. இது நடக்காது. உங்க பொண்ணு வந்துட்டா போதும். அவ மூச்சு அப்படியே அவங்க அம்மா மூச்சு. கண்ண மூடிக்கிட்டா வித்தியாசமே தெரியாது" என்றார். நல்ல மனுஷர். நீ குழந்தையாக இருந்தபோது அவருடைய செல்லோ பெட்டியில்தான் தூங்குவாய், வாத்தியத்தை வெளியே குளிரில் வைத்துவிட்டு உன்னைப் பெட்டிக்குள் படுக்க வைப்பார். ஆனால் அந்தக் கடைசி வார்த்தை எனக்குப் பொறுக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டா. அப்படியென்றால் நீ அங்கே உட்கார்ந்து வாசிப்பாய், மூன்று பேரும் கண்ணை மூடிக்கொண்டு வேறு ஒருத்தியோடு வாசிப்பார்கள். நானும் கடைசி வரிசையில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வேன், அது எனக்குத் தெரியும், என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். நீ எங்கே போவாய் அப்போது.

உனக்கு மூச்சு அம்மா மூச்சுதான், அதில் சந்தேகமில்லை. அதனால்தானே உள்ளூர் இசைக் கல்லூரியில் உன்னைக் கழித்துக் கட்டினார்கள். தனி வயலின் வாசிக்க வேண்டிய பரீட்சை, நீ மேடையில் ஏறி அம்மா மாதிரியே ஒரு மூச்சு இழுத்து, வலது பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டு நின்றாய். யாரும்மா வரணும் என்று கேட்டதற்கு "செல்லோ" என்றாயாமே. பிறந்ததிலிருந்து நாலு பேருக்கு நடுவில் வளர்ந்த பிள்ளைக்குத் தனியாக ஆரம்பிக்கத் தெரியவில்லை. நீ அழுதுகொண்டு வந்தாய், அம்மா கோபித்தாள், நான் மட்டும் சிரித்தேன். நான் அதே கல்லூரியில் இரண்டாம் வருஷத்தோடு நின்றவன், அந்தக் கட்டடத்தைக் கண்டாலே எனக்குக் கால் அரிக்கும், அவர்கள் உன்னை வேண்டாம் என்றதில் எனக்குப் பெரிய வருத்தம் இல்லை. அப்புறம் நீ அவ்வளவு தூரம் போய் வாசித்துக் காட்டினாய், அங்கே நீ வலது பக்கம் திரும்புகிறதைப் பார்த்துவிட்டு ஒரு வாத்தியார், இவள் கூட்டத்தில் வாசிக்கப் பிறந்தவள், என் வகுப்பில் சேரட்டும் என்றார். நீ அங்கே இரண்டாவது வயலினாக உட்கார்ந்தாய் என்று தெரிந்ததும் அம்மாவுக்கு முகம் சுருங்கிப்போனது, "என் பொண்ணு ரெண்டாவதா, எதுக்கு இவ்வளவு வருஷம் காலங்காத்தால எழுப்பி விட்டேன்" என்று என்னிடம்தான் பாய்ந்தாள், என்னமோ நான் உட்கார வைத்த மாதிரி. இதெல்லாம் உனக்குத் தெரியும். தெரியாதது ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோது உங்கள் கச்சேரி பதிவை அனுப்பியிருந்தாயே. அம்மா கேட்டாளா என்று கேட்டாய், கேட்டாள் என்று சொன்னேன், அதோடு விட்டுவிட்டேன். இயர்போனை ஒரு காதில் அவளும் ஒரு காதில் நானும் வைத்துக்கொண்டு கேட்டோம், ஒயர் போதாமல் என் தலையை அவள் தலையணையில் வைத்துக்கொண்டேன். முதல் தடவை கேட்டுவிட்டு மறுபடி போடு என்று கையைக் காட்டினாள். இரண்டாவது தடவை பாதியில், "அந்த முதல் வயலின் பையன் அவ்வளவு ஒண்ணும் இல்ல" என்றாள். நர்ஸ் வந்து ஊசி போட்டுவிட்டுப் போனாள். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு, "அவன் நல்லா வாசிக்கிற மாதிரி இவ காட்டுறா. கேக்குறா பாரு, அவன் எங்க போறான்னு கேட்டுக்கிட்டே போறா. எனக்கு இது வராது. எனக்குப் பக்கத்துல யாரும் இப்படி உக்காந்ததில்ல" என்றாள். பேசா மாமா முப்பது வருஷமாகப் பக்கத்தில்தானே உட்கார்ந்திருக்கிறார் என்றேன். "அவர நான் கேட்டதே இல்லியே" என்றாள். அந்த வாரத்திலேயே போய்விட்டாள். நீ வந்தாய், ஒரு வாரம் இருந்தாய், போட்டி இருக்கிறது என்று திரும்பிப் போனாய், போகத்தான் வேண்டும் என்று நான்தான் தள்ளிவிட்டேன். அதற்காக அத்தை கொஞ்ச நாள் என்னோடு பேசவில்லை, உன்னைப் பற்றியும் நாலு வார்த்தை சொன்னாள், அதெல்லாம் எழுதமாட்டேன். ஆனால் நீ இப்போது வருகிறேன் என்பது அந்தப் போனதற்குப் பரிகாரமாகத்தான் என்றால், வேண்டாம். அம்மா உன்னைக் கேட்டுவிட்டுத்தான் போனாள். இங்கே வந்து முதல் நாற்காலியில் உட்கார்ந்தால், அவள் கடைசியாகக் கேட்டுச் சந்தோஷப்பட்ட அந்த வாசிப்பை நீ அங்கே விட்டுவிட்டு வரவேண்டியிருக்கும்.

இதையெல்லாம் படிக்கட்டில் நின்று செல்லோ மாமாவிடம் சொல்ல எனக்கு வரவில்லை. எனக்குப் பேச்சு வேகமாக வரும், ஒழுங்காக வராது. நான் என்ன செய்தேன், அடுத்த ஒத்திகைக்கு நெட்டையை இன்னொரு தடவை வரச் சொல்லுங்கள் என்றேன். எதுக்கு என்றார். வரச் சொல்லுங்கள் என்றேன். அன்றைக்கு அவர்கள் சுருதி சேர்ப்பதற்கு முன்னாலேயே நான் வேனிலிருந்து ஒரு மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மேலே போனேன், கல்யாண மண்டபத்துக்குக் கொடுக்கிற சாதாரண இரும்பு நாற்காலி. அதைப் போட்டுவிட்டு அம்மாவின் நாற்காலியைத் தூக்கினேன். வியோலாக்கா எழுந்து வந்து அதன் முதுகைப் பிடித்துக்கொண்டாள். "இத எடுக்காதீங்க. இதையாவது விட்டு வைங்க" என்றாள். அவள் ஒரு பக்கம் நான் ஒரு பக்கம், நெட்டை வயலினைக் கட்டிக்கொண்டு சுவரோரமாக நிற்கிறாள், கீழே எவனோ டயருக்குக் காற்றடிக்கிறான். "நான் அறுத்த நாற்காலி, நான் எடுத்துட்டுப் போறேன்" என்றேன், கொஞ்சம் கடுமையாகத்தான் வந்துவிட்டது. "என் பொண்ணு வரமாட்டா. யாரும் வரமாட்டாங்க. இந்தப் பொண்ணு வந்திருக்கு, இத உக்கார வைங்க" என்றேன். செல்லோ மாமா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். வியோலாக்கா விரல் ஒவ்வொன்றாக விட்டாள். நீ என்னை மன்னிக்க வேண்டும், உன் பதிலை உன்னைக் கேட்காமல் நானே சொல்லிவிட்டேன். கோபம் வந்தால் போனில் திட்டு, வாங்கிக்கொள்கிறேன்.

நெட்டை அந்த இரும்பு நாற்காலியில் உட்கார்ந்தாள். பாதம் இரண்டும் தரையில் பதிந்தது. ஆனாலும் ஒருத்தரும் ஆரம்பிக்கவில்லை, அவள் தலையைத் தூக்குவதா மூக்கை உறிஞ்சுவதா என்று முழிக்கிறாள். அப்போது பேசா மாமா மூச்சு எடுத்தார். சத்தியமாகச் சொல்கிறேன், பேசா மாமா. யாரையும் பார்க்கவில்லை, தாளைப் பார்த்தபடி அம்மா அளவுக்குச் சத்தமில்லாமல், ஆனால் கேட்கிற மாதிரி ஒரு மூச்சு, நாலு வில்லும் விழுந்துவிட்டது. ஆரம்பம் மட்டும்தான் அவர் கொடுத்தார், அதற்கப்புறம் நெட்டையைப் போக விட்டு, அவள் போகிற இடத்துக்கெல்லாம் பின்னாலேயே போனார், நீ அந்தப் பையனுக்குப் பண்ணுவாயே அந்த மாதிரி. நான் நாற்காலியைத் தோளில் மாட்டிக்கொண்டு படிக்கட்டில் நின்று கேட்டேன். நன்றாக இல்லை. பாதியில் நின்றார்கள், சண்டை போட்டார்கள், மறுபடி ஆரம்பித்தார்கள். அம்மா எங்கேயும் இல்லை அதில். ஒரு இடத்தில்கூட இல்லை. எனக்கு அது தாங்கவில்லை, படியிலேயே அந்தக் குட்டை நாற்காலியைப் போட்டு அதில் உட்கார்ந்துகொண்டேன். சைக்கிள் கடைக்காரர் மேலே எட்டிப் பார்த்து, "என்ன சார், வெயிட்டா" என்றார். ஆமாங்க என்றேன்.

இப்போது இந்தக் கடிதத்தையும் அதில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன், மேசை என் நெஞ்சுக்கு இருக்கிறது, கையெழுத்து கோணலாகத்தான் இருக்கும், கண்டுகொள்ளாதே. உன் அறையில்தான் போட்டிருக்கிறேன், ஒழித்த கட்டிலுக்குப் பக்கத்தில். கட்டிலில் மறுபடி பலகை அடுக்கமாட்டேன், அது ஒழித்தபடியே இருக்கட்டும், உனக்கு விடுமுறை கிடைக்கும்போது வா, ஒரு வாரம் இரு, சாப்பிடு, தூங்கு, வயலினைப் பெட்டியை விட்டு எடுக்காதே. அம்மாவின் வயலினை நான் ஞாயிற்றுக்கிழமை தோறும் எடுத்துத் துடைத்துச் சுருதி சேர்த்து வைக்கிறேன், சேர்க்க மட்டும்தான், வாசிப்பதில்லை. நெட்டைக்குத் தரலாமா என்று செல்லோ மாமா கேட்டார், உன்னைக் கேட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறேன். அதை நீதான் சொல்ல வேண்டும், அவசரமில்லை. குளிரில் கையுறை இல்லாமல் வெளியே போகாதே, கழுத்தில் வயலின் அழுத்துகிற இடத்தில் மறுபடி புண்ணாகியிருந்தால் மருந்து போடு, துணி வைத்து மறைத்துக்கொண்டு வாசிக்காதே, அம்மா அப்படித்தான் மறைப்பாள். அந்த முதல் வயலின் பையனோடு சண்டை போடாதே, அவனும் ஒருநாள் நன்றாக வாசிப்பான், நீ பக்கத்தில் இருந்தால். நீ வலது பக்கம் திரும்பிப் பார்க்கும்போதெல்லாம் அங்கே ஆள் இருக்க வேண்டும், எனக்குத் தெரிந்த ஆசீர்வாதம் அதுதான், அம்மா இருந்திருந்தால் இன்னும் நல்லதாக ஒன்று சொல்லியிருப்பாள்.

இன்னொன்று. நீ என் உயரம் சில்லு, அம்மா உயரம் இல்லை. இந்த நாற்காலி உனக்கும் முழங்காலில்தான் இடித்திருக்கும்.

கீழே வேனில் ஹாரன் அடிக்கிறார்கள், நெட்டைக்கு மர நாற்காலி ஒன்று பார்த்திருக்கிறேன், நல்ல உயரம், ஒத்திகைக்குள் கொண்டுபோய்ப் போடணும். மறுபடி அடிக்கிறார்கள். நான் போகணும்.

அப்பா